பகலில் போட்ட பேய்ப்படம்

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய பிஸ்கட் டின் ஒன்று கீழே வந்தது. திறந்து பார்த்தால் விசிடி தகடுகள். எல்லாம் பேய்ப்படங்கள், மர்மப்படங்கள். 2007 வாக்கில் மோசர் பேயர் கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடி விற்க ஆரம்பித்ததும், என்னைப் போன்ற வாத்தியார்களுக்கும் படம் வாங்கிச் சேர்க்கும் ஆசை வந்தது. கும்மிடிப்பூண்டிக்கும் சென்னைக்கும் போகும்போதெல்லாம் கடை கடையாகத் தேடி ஒன்றிரண்டு வாங்கி வருவேன். "பிள்ளைங்களுக்குப் பாடம் சொன்னவரு வாங்குற படமா இது?" என்று என் மனைவி கேட்பாள். ஆனால் படம் ஓடும்போது முன்னால் உட்காருவது அவள்தான்.

2010-ல் ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமை ராத்திரிகளில் எங்கள் வீட்டுக் கூடம் சின்ன கொட்டகை மாதிரி ஆகிவிடும். தெருக்காரர்கள் ஏழெட்டு பேர் வருவார்கள். படத்தைவிட அவர்கள் சொல்லும் அபிப்பிராயம்தான் எனக்கு ருசி.

ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) போட்டேன். கிழட்டு ஜமீன்தாராக நம்பியார் கடைசியில் புதைசேற்றில் மூழ்கும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஏரியிலேயே வயசைக் கழித்த ஒரு பெரியவர் மட்டும், "சேத்துல மாட்டினா கை காலை உதறக்கூடாது சார். மல்லாக்கப் படுத்து மெதுவா ஊர்ந்து வரணும். ஜமீன்தாருக்கு அதைச் சொல்ல ஓர் ஆள் இல்லாம போச்சே" என்று வருத்தப்பட்டார்.

'யார் நீ?' (1966) படத்தில் மழை ராத்திரியில் வெள்ளைப் புடவையோடு ஜெயலலிதா நிற்பார். இந்தியில் சாதனா நடித்த 'வோ கோன் தீ' படத்தின் தமிழ் அது. கடைசியில் பேயே இல்லை, எல்லாம் மனிதர்கள் செய்த சூழ்ச்சி என்று தெரியும். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற நண்பருக்கு அதில் ஏமாற்றம். "இல்லாத பேய்க்கா இவ்ளோ நேரம் பயந்தேன்?" என்றார். "மனுசன் செஞ்சதுன்னு தெரிஞ்சப்புறம்தான் எனக்கு அதிகமா பயம்" என்றாள் என் மனைவி.

விட்டலாச்சார்யாவின் 'ஜெகன்மோகினி' (1978) நம் எல்லைப் பக்கத்தில் தெலுங்கு பேசும் வீடு, தமிழ் பேசும் வீடு இரண்டுக்கும் பொதுச் சொத்து. பேய் தன் காலையே விறகாக அடுப்பில் வைக்கும் காட்சியில் சின்னப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்ளும். பெண்களோ, "கேஸ் விக்கிற விலைக்கு இப்படி ஒரு கால் இருந்தா தேவலை" என்று சிரிப்பார்கள்.

இப்படி ஒவ்வொரு தகடாக எடுத்துத் துடைத்துத் திண்ணையில் அடுக்கிக்கொண்டு வந்தேன். 'பிள்ளை நிலா' கையில் கிடைத்தது. மனோபாலா இயக்கி 1985-ல் வந்த படம். இறந்துபோன பெண்ணின் ஆவி ஒரு சிறுமிக்குள் புகுந்துவிடும். பேபி ஷாலினிதான் அந்தச் சிறுமி. இந்தப் படத்துக்கு என் வாழ்க்கையில் ஒரு கதை உண்டு. பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

1987-ஆம் வருடம். ஆரம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் போய் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். திருவிழா சமயத்தில் இளைஞர்கள் கும்மிடிப்பூண்டியிலிருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்தார்கள். விடிய விடிய மூன்று படம். முதலில் எம்.ஜி.ஆர்., அடுத்தது ரஜினி. மூன்றாவதாக என்ன எடுக்கலாம் என்று என்னைக் கேட்டார்கள். 'பிள்ளை நிலா' எடுங்கள் என்று சொன்னது நான்தான்.

நான்கு நாள் கழித்து ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து வாசலிலேயே நின்றார். அவருடைய மகன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தான். லீவு நாள் ராத்திரிகளில் நைனாவோடு ஏரிக்குப் போவான். மகன் கழி ஊன்றிப் படகைத் தள்ள, இவர் வலை போடுவார்.

நம் பக்கத்துக்காரர்களுக்குப் பாடு முறை தெரியும். வெளியூரிலிருந்து படிக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பழவேற்காடு ஏரியில் இறால் படும் இடங்களைக் குப்பத்துக்காரர்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். உங்கள் முறை வரும் நாளில் நீங்கள் போகாவிட்டால் அது போனதுதான். அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

"சார், பையன் ராத்திரி தண்ணிப் பக்கமே வரமாட்டேங்கறான். அமாவாசை இருட்டு, நல்லா இறால் படுற நேரம். துணைக்கு வேற ஆளும் கெடைக்கல. எங்க முறை போயிடுச்சு" என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் போனதும் பையனைக் கூப்பிட்டேன். கேமராவில் எப்படித் தந்திரம் செய்கிறார்கள், ஷாலினி எப்படிப்பட்ட நல்ல குழந்தை என்றெல்லாம் விளக்கினேன். தலையாட்டினான். ஆனாலும் ராத்திரி போகவில்லை.

கடைசியில் என் சம்பளத்திலிருந்து வாடகை கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே டெக்கை வரவழைத்தேன். பட்டப்பகல், கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்க, அதே படம். இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு வந்து உட்கார்ந்தார்கள். பேய் வரும் இடத்தில் எல்லாம் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம். "இவ்ளோ மை பூசினா கண்ணு எரியாதா?" என்று ஒருத்தி. "பொண்ணுக்கு ஆகாரம் சரியில்ல, அதான் இப்படி" என்று இன்னொருத்தி. ஒரே சிரிப்பு. பையனும் சிரித்தான். அடுத்த முறைக்கு நைனாவோடு ஏரிக்குப் போனான்.

பயத்தைப் பகல் வெளிச்சத்திலும் நாலு பேர் பேச்சிலும் வைத்தால் கரைந்துவிடும் என்பது அன்று நான் எடுத்துக்கொண்ட பாடம். முப்பது வருடத்துக்கு மேல் அதை வகுப்பிலும் கல்யாண வீடுகளிலும் சொல்லி வந்தேன்.

தகடுகளைத் திண்ணையில் அடுக்கிக்கொண்டிருந்த அன்றைக்கே, அந்தப் பையன் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தான். பையன் என்கிறேன், ஐம்பது வயதாகிவிட்டது. தகட்டைப் பார்த்ததும் சிரித்தான். நானும் வழக்கம்போலக் கதையை ஆரம்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"சார், நான் அந்தப் பேயைப் பார்த்து பயப்படல. அதுக்கு முந்தின மழைக்காலத்துல என் மாமா படகு கவுந்து செத்தாரே, ஞாபகம் இருக்கா? மூணாம் நாள்தான் கெடச்சாரு. செத்தவங்க சின்னப் பிள்ளைக்குள்ள வருவாங்கன்னு படத்துல காட்டினாங்க. மாமா தண்ணிக்குள்ளேருந்து வந்து எனக்குள்ள பூந்துப்பாருன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லல. யாரும் கேக்கவும் இல்ல."

எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தச் சாவுக்கு நானும் போயிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. கேமரா தந்திரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசியவன், உனக்கு யார் ஞாபகம் வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்புறம் எப்படி ஏரிக்குப் போனே?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு மத்தியானம் எல்லாரும் சிரிச்சாங்களே, அப்போ ஆயா மட்டும் சிரிக்கல சார். இறாலை உரிச்சுகினே சொல்லிச்சு. 'இந்தப் பொம்பள யாரோ எவளோ, கோவத்துல வந்திருக்கா. நம்மூட்டு ஆளு அப்படி வருவானா? உன் மாமன் தண்ணியில இருந்தா உனக்குக் காவலாத்தான் இருப்பான்'னு. அது போதும்னு ஆயிடுச்சு."

தன் மகனைப் பறிகொடுத்த தாய் அவர். அந்தப் படத்தைப் பற்றி அன்று அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர் கருத்துச் சொன்னார்கள். ஆனால் படத்தையும் பார்த்து, பையனையும் பார்த்தது அந்த ஆயா ஒருவர்தான். என் காதில் அவர் சொன்னது விழவே இல்லை. நான் சிரிப்பை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிளேயர் ரிப்பேராகி வருடங்கள் ஆயிற்று. இந்தத் தகடுகள் இனி ஓடுமோ என்னவோ. இப்போது என் பேரன் போனில், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, போர்வைக்குள் தனியாகப் பேய்ப்படம் பார்க்கிறான். நேற்று ராத்திரி விளக்கை அணைக்க வேண்டாம் என்றான். "அதெல்லாம் சும்மாடா, கிராபிக்ஸ்" என்று வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். "படத்துல எந்த இடம்பா? அதைப் பார்த்தா உனக்கு யார் ஞாபகம் வருது?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். விளக்கை அணைக்க ரொம்ப நேரமாயிற்று.