மாயமான திருத்தம்

புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி. நண்பர்களே, அன்று நான் பட்ட பாட்டை எந்த லேப் ரெக்கார்டிலும் எழுத முடியாது!

ரெஸ்ட் சேவையின் ஓப்பன்ஏபிஐ விவரக் கோப்பைக் கொடுத்தால் ஜாவா கிளையன்ட் கோடை ஜெனரேட்டரே எழுதித் தந்துவிடும். போன் நம்பர் 1234567890 என்று போட்டுப் பார்த்தோம், ஓடியது. ஆசையாய் அம்மாவின் செல் நம்பரை சர்வரில் பதிந்துவிட்டு ஆப்பைத் திறந்தால்... படுத்துக்கொண்டது.

"நெட் சரியில்லடா" என்றான் நண்பன். எது நடந்தாலும் அவனுக்கு நெட்தான்! பிரௌசரில் அதே முகவரியைத் தட்டினேன். பதில் ஒழுங்காக வந்தது. அப்போ கோளாறு நம்ம பக்கம். பிழைச் செய்தியை நிதானமாக வாசித்தபோதுதான் புரிந்தது. விவரக் கோப்பில் வெறும் 'இன்டிஜர்' என்றிருந்ததால், ஜெனரேட்டர் அதை 32 பிட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அதில் 2147483647-க்கு மேல் கொள்ளாது. நம்ம செல் நம்பர்களோ 6-லிருந்து 9-க்குள்தான் ஆரம்பிக்கும்!

அந்த ஜாவா கோப்பிலேயே 'லாங்' என்று மாற்றினேன். ஓடியது. விடியற்காலையில் நண்பன் வேறெதற்கோ மறுபடி ஜெனரேட் செய்ய, என் திருத்தம் மாயம்! அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு, விவரக் கோப்பிலேயே 'இன்ட்64' என்று எழுதி, புதிதாக ஜெனரேட் செய்தேன். அம்மா நம்பர் வந்தது.

ரிவ்யூவில் சார் கேட்டார்: "ஏம்ப்பா, போன் நம்பரைக் கூட்டிக் கழிக்கப் போறியா? ஸ்ட்ரிங்னு வெச்சா என்ன?"

பேந்தப் பேந்த விழித்தேன்.