வட்டக்கச்சி வீதியில் இரு வண்டிகள்

வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சி நகருக்கு வருகின்ற வீதி வன்னி வீதிகளுள் நீளமானதுமன்று; வரலாற்றுப் புகழ் வாய்ந்ததுமன்று. இரணைமடு நீர் பாயும் வயல்களின் நடுவிலும் தென்னங்காணிகளின் வேலியோரத்திலுமாக வந்து நகரைச் சேரும் சாதாரண வீதி அது. 1986ஆம் ஆண்டில் அரசாங்க எழுதுவினைஞராக நியமனம் பெற்ற இளைஞர் ஒருவர், தந்தையார் கொடுத்த பழைய றலி சைக்கிளில் ஏறி, இவ்வீதி வழியே கந்தோருக்குப் புறப்பட்டார். 2024ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற அன்றும் அவர் சைக்கிளிலேயே வீடு திரும்பினார். எனவே இடைப்பட்ட முப்பத்தெட்டு ஆண்டுகளும் அவர் சைக்கிளிலேயே சென்றார் என்று கொண்டுவிடலாகாது. எட்டு ஆண்டுகள் அவர் காரிற் சென்றவர். காரை விற்காமலே சைக்கிளுக்கு மீண்டவர். ஏன் மீண்டார் என்பதை ஊரவர் பலவாறு கூறுவர். கஞ்சத்தனம் என்போர் உளர். உடற்பயிற்சி என்போரும் உளர்.

அரசாங்கப் படிவங்களில் இவ்வண்டிக்குத் துவிச்சக்கரவண்டி என்று பெயர். விடுதலைப் புலிகளின் நிர்வாகம் நிலவிய காலத்தில் வன்னியில் அது ஈருருளி எனப்பட்டது. ஏறி மிதித்தவர்கள் எக்காலத்திலும் சைக்கிள் என்றே சொன்னார்கள். எழுதுவினைஞரும் கோப்புகளில் மட்டுமே முதலாவது பெயரை எழுதுவார்.

ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர் தூரத்தை அவர் முப்பத்தைந்து நிமிடங்களிற் கடந்தார். வைகாசியிற் சோளகம் எழுந்துவிட்டால், காலையில் நகரை நோக்கிச் செல்லும்போது காற்று முகத்தில் அறையும். மாலையில் அதே காற்று முதுகைத் தள்ளி வீட்டிற் கொண்டுபோய் விடும். கார்த்திகையில் வாடை தொடங்க இவ்வொழுங்கு தலைகீழாகும். வேகம் இரு மடங்கானாற் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பது பௌதிகவியல். அதனைப் படியாதவனும் எதிர்க்காற்றிற் குனிந்து மெதுவாக மிதிக்க அறிவான். எந்த வளவில் நெல் அவிக்கிறார்கள், எந்த வீட்டில் ஒப்பாரி கேட்கிறது, எந்த வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்பனவெல்லாம் கந்தோரை அடையுமுன்னர் அவருக்குத் தெரிந்திருக்கும். விண்ணப்பம் கொண்டுவந்து நிற்பவனின் முகத்தைப் பார்த்தே, இவன் வயல் அழிந்தவன் என்பதை அவர் அறிவார். ஏனெனில் அந்த வயலைக் காலையிற் கண்டிருப்பார். ஓர் எழுதுவினைஞருக்கு இதனினும் பயனுள்ள கல்வி வேறில்லை.

1990ஆம் ஆண்டில் வடக்கிற்கு எரிபொருள் செல்வது தடைப்பட்டது. அதன் பின்னர் சைக்கிள் ஒருவர் விரும்பி ஏறும் வண்டியாக இருக்கவில்லை; உள்ள ஒரே வண்டியாயிற்று. பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரம் விழித்துக்கொள்வதற்குச் சில துளி பெற்றோல் ஊட்டி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கார் கடந்துபோன பின்னரும் அதன் புகையும் நாற்றமும் நெடுநேரம் வீதியில் நிற்கும். அம்மண்ணெண்ணெயும் பல மடங்கு விலையில் அரிதாகவே கிடைத்தமையால், நெல் மூட்டை, விறகு, பிள்ளைகள், நோயாளர், சில வேளைகளிற் பிரேதம்கூட, சைக்கிளின் பாரிலும் கரியரிலுமே சென்றன. மின்சாரமும் பற்றரியும் இல்லாத அவ்விரவுகளிற் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழும் மின்னைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டனர். ஒருவர் சுற்ற ஒன்பது பேர் கேட்பர். சுற்றுபவரின் கை தளர்ந்தாற் செய்தி அறிவிப்பாளரின் குரலும் தளரும்.

இக்காலத்தைப் பற்றிப் பேசுவோர், வன்னி மக்களின் தாங்கும் வலிமையையும் எளிமையையும் வியந்து கூறுவது வழக்கம். அவ்வியப்பை எழுதுவினைஞர் விரும்புவதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

1996ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இராணுவம் கிளிநொச்சி நகரைக் கைப்பற்றியபோது, அவரது குடும்பமும் இடம்பெயர்ந்து கந்தபுரப் பக்கத்திற் கொட்டில் அமைத்துத் தங்கியது. அக்காலத்தில் வன்னியில் மலேரியா மிகுதி. (2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றளிக்கப்பட்டது என்பது பிற்கால மகிழ்ச்சி.) 1997 மார்கழி மழையில் ஓர் இரவு அவருடைய தாயாருக்குக் காய்ச்சல் தலைக்கேறிப் பிதற்றல் கண்டது. அயலில் உழவு இயந்திரம் ஒன்று நின்றது. அதற்கு எண்ணெய் இல்லை. எழுதுவினைஞர் தாயாரைக் கரியரில் இருத்தி, சேலையாற் தம் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். மனைவியார் அரிக்கன் லாம்புடன் சிறிது தூரம் கூட வந்தார். பின்னர் இருட்டு. சேறு கண்ட இடங்களில் இறங்கி உருட்டவும் இயலாது. கட்டியிருந்தமையால் இருவரும் ஒருசேர இறங்கவேண்டும். ஆகவே மிதித்துக்கொண்டே சென்றார். ஓரிடத்திற் தாயாரின் தலை அவரது முதுகிற் சாய்ந்தது. நித்திரையாகிவிட்டார் என்று எண்ணி, குலுக்காமல் மெதுவாக மிதித்தார். வைத்தியசாலை வாயிலிற் சேலையை அவிழ்த்தபோதே உண்மை தெரிந்தது. எந்த இடத்தில் உயிர் பிரிந்தது, எந்த மரத்தடியில், எந்தக் குழியைக் கடக்கையில் என்பதை அவர் இன்றுவரை அறியார்.

மெதுவாக மிதித்ததைப் பற்றி அவர் மனைவியாருக்குக்கூட நெடுங்காலம் சொல்லவில்லை.

2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்துடன் ஏ-9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்ரில் மீண்டும் மூடப்பட்டது. 2009ஆம் ஆண்டில் மக்கள் கிழக்கு நோக்கி, முள்ளிவாய்க்கால் வரை, சென்ற பயணத்திற் சைக்கிள்களும் உடன் சென்றன. திரும்பி வந்தவர்களுடன் அவை திரும்பவில்லை. துருவேறிய சைக்கிள்களின் குவியல்களை அக்காலத்து நிழற்படங்களிற் காணலாம். அவற்றுள் எழுதுவினைஞரின் றலியும் ஒன்றாதல் வேண்டும். மெனிக் பாம் முகாமிலிருந்து மீண்டு வந்து, லுமாலா சைக்கிள் ஒன்றை வாங்கி, அதே வீதியில் மறுபடியும் மிதிக்கத் தொடங்கினார்.

2014ஆம் ஆண்டிற் கனடாவிலுள்ள மகன் அனுப்பிய பணத்திற் பாவித்த மாருதிக் கார் ஒன்று வாங்கப்பட்டது. மகன் தொலைபேசியிற் கார் வாங்குவதைப் பற்றிச் சொன்னபோது, பணத்தை வீணாக்காதே என்று தந்தை மறுப்பார் என்றே யாவரும் எதிர்பார்த்தனர். அவரோ ஒரு சொல்லும் மறுத்துச் சொல்லவில்லை.

காருக்குரிய நியாயத்தைக் கூறாது விடுதல் தகாது. மாரியில் நனையாத உடுப்புடன் கந்தோரிற் போய் அமர்வது சிறிய காரியமன்று. முழங்கால் நோவுடைய மனைவியார் கோயிலுக்கும் சந்தைக்கும் போக முடிந்தது. பதினைந்து நிமிடத்திற் கந்தோர். பதினைந்து நிமிடத்தில் வீடு. நெடுங்காலம் புழுதியை வாங்கியவர்களுக்கு, புழுதிக்கு எதிரே கண்ணாடியை ஏற்றிவிடும் சுகமும் ஒரு வகை நீதியே. இதனை ஆடம்பரம் என்று இகழ்வோர் பெரும்பாலும் என்றும் கார் வைத்திருந்தவர்கள்.

ஆயினும் கார் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதும் ஒன்றுண்டு. அதனை அவர் உடனே அறியவில்லை. வாங்கி இரண்டோ மூன்றோ ஆண்டுகளின் பின், ரயருக்குக் காற்றடிக்க வீதியோரத் தேநீர்க்கடை ஒன்றின் அருகே நிறுத்தினார். கடையை நடத்துபவள் போரிற் கணவனை இழந்த பெண்.

“கிளாக்கர் ஐயா, இப்ப உங்களைக் காணவே கிடைக்கிறேல்லை” என்றாள் அவள்.

“ஒவ்வொரு நாளும் இதாலைதானே பிள்ளை போறன்.”

“கார் போறது தெரியும் ஐயா. நீங்கள் போறது தெரியாது.”

அன்று மாலை அவர் யோசித்துப் பார்த்தார். அந்த வீதியில் யார் வீட்டிற் சாவு, எவன் வயல் அழிந்தது என்பது தமக்குத் தெரியாது போய் எவ்வளவு காலம்! கந்தோர் மேசைக்கு வருபவர்கள் அவருக்கு இப்போது விண்ணப்ப இலக்கங்களாகவே வந்துகொண்டிருந்தனர். இருந்தும் மறுநாளும் அவர் காரிலேயே சென்றார். மனிதர் ஒரு சொல்லைக் கேட்டுத் திருந்திவிடுவது கதைகளில் நிகழ்வது.

அவரைச் சைக்கிளுக்கு மீட்டது 2022ஆம் ஆண்டு. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல், ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. அவ்விலைக்கும் நாட்கணக்கில் வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. அவ்வேளையில், கோப்பு ஒன்றின் கழிவுத்தாளில் அவர் ஒரு கணக்குப் போட்டார். போய்வரும் பதினெட்டுக் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர். கையிற் கிடைக்கும் சம்பளமாகிய ஏறக்குறைய 50,000 ரூபாவை வேலை செய்யும் மணித்தியாலங்களாற் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 284 ரூபா. எனவே அந்த ஒரு லீற்றருக்காக அவர் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் உழைக்கவேண்டும். சைக்கிளைவிடக் காரில் மீதமாகும் நேரமோ, போகவும் வரவும் சேர்த்து நாற்பது நிமிடம்! வரிசையில் நின்ற நேரம் இக்கணக்கிற் சேரவில்லை. திருத்துக் கூலியும் காப்புறுதியும் சேரவில்லை.

இதே கணக்கை இவான் இலிச் என்னும் சிந்தனையாளர், எண்ணெய் நெருக்கடிக் காலமாகிய 1970களிற் போட்டுக் காட்டினார். அமெரிக்கர் ஒருவர் காரில் அமர்ந்தும், காருக்காகச் சம்பாதித்தும் ஆண்டுக்கு 1,600 மணித்தியாலங்களைச் செலவிட்டு, 7,500 மைல் செல்கிறார். ஆகவே அவருடைய உண்மையான வேகம் மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு. அதாவது விரைந்து நடப்பவனின் வேகம். எழுதுவினைஞர் இலிச்சைப் படித்தவரல்லர். எழுநூறு கிலோ நிறையுள்ள இரும்பை அறுபது கிலோ மனிதனுக்காக இழுத்துச் செல்வது வீண் என்பதற்குப் பெருநூல் வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம்.

அவர் சைக்கிளைத் துடைத்து, ரியூப்புக்கு ஒட்டுப் போட்டு, வீதியில் இறங்கினார். அவ்வாண்டிற் கொழும்பிலும் பலர் சைக்கிள் ஏறினர். சைக்கிள்களின் விலை பன்மடங்காயிற்று. சைக்கிளின் பெருமை பற்றிய கட்டுரைகள் பத்திரிகைகளில் வெளிவந்தன. சுற்றாடலுக்கு உகந்தது, இதயத்துக்கு நன்று, எளிய வாழ்வுக்கு அடையாளம் என்றெல்லாம். கந்தோரில் இளைஞர் ஒருவர் அத்தகைய கட்டுரை ஒன்றை வாசித்துக் காட்டி, “ஐயா, நீங்கள் அந்தக் காலத்திலையே இதைச் செய்து காட்டியிருக்கிறியள்” என்றார். பொதுவாகக் குரல் உயர்த்தாத எழுதுவினைஞர், “நாங்கள் செய்து காட்டேல்லை தம்பி. எங்களுக்குச் செய்தது அது” என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார்.

இவ்விடத்தில் ஒல்லாந்தை நினைவுகூரலாம். இன்று சைக்கிள் நாடாகப் போற்றப்படும் அந்நாட்டில், 1971ஆம் ஆண்டில் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் மாண்டனர். நானூறுக்கு மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். அதன் பின்னரே தனிப் பாதைகள் பெருமளவில் எழுந்தன. அங்கு சைக்கிளில் ஏறுபவன் காரிலும் ஏறக்கூடியவன். நோயுற்றால் அவனுக்கு அம்புலன்ஸ் வரும். வன்னியில் 1997இல் மிதித்தவனுக்கு அத்தெரிவு இருந்ததில்லை. இரண்டையும் ஒரே சொல்லால், ஒரே பாராட்டால் குறித்தல் பொருந்தாது.

தெரிவு வந்த பின்னரும் வீதி அதனை மதித்ததா என்பது ஐயத்துக்குரியது. போருக்குப் பின் ஏ-9 அகலமாக்கப்பட்டு, காப்பெற் இடப்பட்டுப் பளபளத்தது. முன்னர் குழிகள் வேகத்தைக் கட்டுப்படுத்தின. இப்போது எதுவும் கட்டுப்படுத்துவதில்லை. சொகுசு பஸ்கள் கடந்து செல்லும்போது எழும் காற்றே ஒரு முதியவரை ஓரத்துக்குத் தள்ளிவிடும். வட்டக்கச்சி வீதியில் அவர் அஞ்சியதில்லை. நகரை அண்டிப் பெருவீதியில் ஏறும் அச்சிறு தூரத்தில் மட்டும் இறங்கி உருட்டிக்கொண்டே சென்றார். உருட்டுபவரைக் கண்டு இளைஞர் சிரித்ததுண்டு.

2022 ஓகஸ்ரளவில் கியூ.ஆர். அட்டை முறை நடைமுறைக்கு வந்து, காருக்கு வாரம் இருபது லீற்றர் கிடைத்தபோது, அவர் காருக்கு மீள்வார் என்று வீட்டார் எண்ணினர். அவர் வாராவாரம் தவறாது தம் பங்கை நிரப்பிக்கொண்டு வந்தார். ஆனாற் கந்தோருக்குச் சைக்கிளிலேயே போனார். தாங்கி நிறைந்த பின்னும் கார் மாமரத்தடியிற் படங்கு போர்த்து நின்றது. சில கிழமைகளின் பின்னரே காரணம் தெரிந்தது. அயலிற் கர்ப்பிணிப் பெண் ஒருத்திக்கு இரவில் வலி கண்டபோது, அவளுடைய கணவன் வந்து படலையைத் தட்டுமுன்னரே அவர் சாவியுடன் முற்றத்தில் நின்றார். ஒழுங்கையில் லாம்பு வெளிச்சம் அசைவதைக் கண்டு எழுந்தாராம்.

அவ்விரவிற் கார் ஓட்டியவர் அவரே. பின்னிருக்கையில் இருந்த மாமியார், “கொஞ்சம் மெதுவாப் போங்கோ ஐயா, பிள்ளைக்குக் குலுங்குது” என்றபோது அவர் மறுமொழி சொல்லவில்லை, வேகத்தைக் குறைக்கவுமில்லை. குழந்தை பிறந்தது வைத்தியசாலையில், பெண் குழந்தை. திரும்பி வந்து காரைப் படங்கால் மூடிவிட்டு, கிணற்றடியில் முகம் கழுவினார். மணி ஆறரை. சோளகம் தொடங்கியிருந்தது. சைக்கிளை எடுத்து, பின் ரயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்து, பம்பை எடுத்து வரச் சொல்லி மனைவியாரைக் கூப்பிட்டார்.