கடல் தெரிந்த பக்கம்

வரைபடத்தில் பார்த்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை கடலை உரசிக்கொண்டே போவதாகத் தோன்றும். சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரை சுமார் 600 கிலோமீட்டர், அத்தனை தூரமும் நீலத்தைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டலாம் என்றுதான் நானும் நம்பினேன். முட்டுக்காடு பாலத்தில் ஒரு கணம் கடல் தெரியும். அப்புறம் சொகுசு விடுதிகளின் மதில்கள், சவுக்குத் தோப்புகள், மரக்காணத்தில் உப்பளங்கள். கடலூர் தாண்டினால் வயல்கள், நாகப்பட்டினத்துக்குத் தெற்கே இறால் பண்ணைகள். கடல் எங்கேயும் போய்விடவில்லை, இடதுபக்கம் கூடவேதான் வருகிறது. ஆனால் அதைப் பிடிக்கக் கண் அந்தப் பக்கமே இருக்க வேண்டும்.

பிள்ளைகள் இருவரும் வெளியூர் போனபின், நானும் மனைவியும் மட்டுமாக ஒரு பயணம் போகலாம் என்று கிளம்பிய யோசனை அது. யோசனை இருவருடையது, திட்டம் முழுக்க என்னுடையது. கணினியில் ஒரு அட்டவணை தயாரித்தேன். ஊர், தூரம், வந்து சேரும் நேரம், கிளம்பும் நேரம் என்று பத்திகள், அவற்றுக்கு நிறங்கள். ஆலம்பரைக் கோட்டைக்கு இருபது நிமிடம். தரங்கம்பாடிக்கு நாற்பது. டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டி, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை இருநூறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்த ஊர் அது. அதற்கு நான் பெரிய மனதுடன் ஒதுக்கியது நாற்பது நிமிடம், டீயையும் சேர்த்து.

மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "மாமல்லபுரத்துல கடலோரம் சூரிய அஸ்தமனம்னு போட்டிருக்கீங்களே, கிழக்குக் கடற்கரையில சூரியன் எப்படிங்க கடல்ல இறங்கும்?" என்றாள். அந்த வரியை அழித்தேன். அந்த இடத்திலேயே எனக்குக் கொஞ்சம் அடக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவள் இன்னும் இரண்டு விஷயம் கேட்டாள். ஒன்று, கோடியக்கரை. பனிக்காலத்தில் பூநாரைகள் வரும், வெளிமான் பார்க்கலாம் என்று எங்கோ படித்திருக்கிறாள். பிரதான சாலையை விட்டு வேதாரண்யம் பக்கம் திரும்பினால் அரை நாள் போய்விடும் என்றேன். இன்னொன்று, "நடுவுல நான் கொஞ்சம் ஓட்டறேனே." ஊருக்குள் ஓட்டுவது வேறு, நெடுஞ்சாலை வேறு என்று நான் விளக்கம் சொன்னேன். கத்திப்பாரா வழியாகத் தினமும் காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு வண்டி ஓட்டிப் போகிறவளிடம் சொன்னேன். அவள் பதில் பேசாமல் சப்பாத்தி மாவு பிசையப் போய்விட்டாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தை மாதத்தில் கிளம்பினோம். அந்தத் தேர்வில் மட்டும் குறை சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழையும் புயல் பயமும் ஓய்ந்து, வெயில் ஏறாத காலம். ஆனால் டெல்டாவில் அது சம்பா அறுவடைக் காலம் என்பதை மறந்துவிட்டேன். சாலையின் பாதியில் நெல் காய்கிறது, மீதிப் பாதியில் அறுவடை இயந்திரம் ஊர்ந்து போகிறது. கைபேசி காட்டும் பயண நேரத்தில் நெல் காய்வது கணக்கில் வராது. ஊருக்கு ஊர் வேகத்தடை, காவல்துறைத் தடுப்பு, ஆட்டு மந்தை எதுவும் வராது. முதல் நாளே அட்டவணையில் ஓட்டை விழுந்தது. தரங்கம்பாடியில் அவள் கோட்டைக்கு வெளியே கடல்சுவர் மேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றும்போது நான் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றேன். அந்தச் சாவிச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் இன்னும் மோசம். நாகூரில் இறால் வாடா சுடச்சுடப் போட்டுக்கொண்டிருந்தார்கள், நிறுத்தவில்லை. வேளாங்கண்ணி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை என்று விரட்டினேன். மல்லிப்பட்டினத்தை ஒட்டி மனோரா வருகிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் தோற்கடித்ததைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் கடலோரத்தில் எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம். ஐரோப்பாவில் நடந்த சண்டைக்குத் தஞ்சாவூர்க் கடற்கரையில் நினைவுச் சின்னம் என்பது எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை. அதைப் பற்றி அவளிடம் ஒரு சின்ன உரையே ஆற்றினேன், வண்டியை நிறுத்தாமல்.

மீமிசல் தாண்டும்போது இருட்டிவிட்டது. ராமேஸ்வரத்தில் கடல் பார்த்த அறைக்கு முன்பணம் கட்டியிருந்தேன், எப்படியாவது போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஊர்களுக்கு நடுவே விளக்கில்லாத சாலை. எதிரே வரும் லாரியின் வெளிச்சம், பிறகு கும்மிருட்டு, மறுபடி வெளிச்சம். அவள் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். குரல் கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை.

பிறகு ஒரு சத்தம். சக்கரத்துக்கு அடியில் தார் போய், மணலும் சரளையும் அரைபடும் சத்தம். நான் கண்ணைத் திறந்தேன் என்பதை வைத்துத்தான் மூடியிருந்தேன் என்பதே தெரிந்தது. என் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. அவற்றுக்கு மேலே மூன்றாவதாக ஒரு கை, அதை வலதுபக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. தார் விளிம்பில் இடதுபக்கச் சக்கரங்கள் ஏறும்போது ஒரு தூக்கு தூக்கிப் போட்டது. நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இறங்கி, வண்டியின் முன்னால் முகப்பு வெளிச்சத்தைக் கடந்து வந்து என் பக்கக் கதவைத் திறந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "இறங்குங்க" என்றாள், அவ்வளவுதான். இருக்கையை முன்னால் நகர்த்தினாள், கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள், கிளம்பினாள். நான் ஓட்டுவதைவிட நிதானமாக, ஒரே சீராக.

சென்னையை விட்ட பிறகு முதல் தடவையாக இடதுபக்கம் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலை இறக்கினால் உப்புக் காற்று. மரங்களுக்கு இடையே வெகு தூரத்தில் சில விளக்குகள் வரிசை கலைந்து நின்றன. ஏதோ ஊர் என்று முதலில் நினைத்தேன். ஊர் ஆடாது. அவை லேசாக ஆடின. படகுகள்.

"இந்தப் பக்கம் கடல் தெரிஞ்சுதா, பகல்ல?"

"மனோரா தாண்டினதுலேர்ந்து தென்னமரத்துக்கு நடுவுல வந்து வந்து போச்சு. அலையே இல்லாம, ஏரி மாதிரி." கியரை மாற்றினாள். "ஒவ்வொரு தடவையும் சொன்னேனே. நீங்க 'ம்'னு சொன்னீங்க."

சொல்லியிருப்பாள். நானும் சொல்லியிருப்பேன். பாக் விரிகுடாவின் அந்த ஆழமற்ற கடலில்தான் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் தமிழக அரசு கடல்பசுக்களுக்கான காப்பகமாக அறிவித்தது, நாட்டிலேயே முதலாவது. இந்தத் தகவல் அப்போதே எனக்குத் தெரியும். அட்டவணையில் குறிப்பு என்ற பத்தியில் தட்டச்சும் செய்திருந்தேன். அந்தக் கடலை அவள் விரலால் காட்டியபோதெல்லாம் அடுத்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றிரவு ராமநாதபுரத்தைத் தாண்டவில்லை. பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு விடுதியில் தங்கினோம், ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் தெரிந்தது. ராமேஸ்வரத்தில் கட்டிய முன்பணம் போனது போனதுதான். காலையில் பார்த்தால் முன்பக்க இடது டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு. 'தனுஷ்கோடியில் சூரியோதயம்' என்று நான் போட்டிருந்த நேரத்தில், டயர் கடை எப்போது திறக்கும் என்று விடுதி வாசலில் நின்று விசாரித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை உதயம் திசை மாறாமல் கிழக்கில்தான் நடந்தது. ஜெனரேட்டருக்கு மேலே.

புது டயருக்கு ஆன தொகையை இங்கே சொல்லப்போவதில்லை, அவளிடமே குறைத்துத்தான் சொன்னேன்.

பாம்பன் பாலத்தில் அவள்தான் ஓட்டினாள். 1988இல் திறந்த சாலைப் பாலம். பக்கத்திலேயே தாழ்வாக ரயில் பாலம், கீழே பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். தனுஷ்கோடிக்கு முற்பகலில் போனோம். 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு அழிந்த ஊர். இடிந்த தேவாலயச் சுவருக்கு அருகே சங்கு விற்கிறார்கள். 2017இல் திறந்த சாலை அங்கிருந்து அரிச்சல்முனை வரை நேராகப் போகிறது. மீனவர்கள் ஒரு பக்கத்தைப் பெண்கடல் என்றும், அலையடிக்கும் மறுபக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வண்டிக்கு இரண்டு பக்கமும் தண்ணீர். பாம்பன் பாலத்தை விட்டால், நாங்கள் வந்த வழி முழுவதிலும் ஓட்டுகிறவருக்கும் உடன் வருபவருக்கும் சமமாகக் கடல் கிடைத்தது அந்தச் சில கிலோமீட்டரில்தான். அங்கே எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது. கைக்கடிகாரத்தை விடுதியில் கழற்றிவைத்துவிட்டேன்.

திரும்பும்போது மதுரை, திருச்சி வழியாக நான்குவழிச் சாலை என்று போட்டிருந்தேன். வந்த வழியே போகலாம் என்றாள். போனோம். கோடியக்கரையும் போனோம். பூநாரைகள் வெகு தூரத்தில் ஒரு வெளிர்க் கோடாகத்தான் தெரிந்தன. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்கு: தை, மாசி நல்ல காலம், நெல் காயும் சாலைக்குக் கூடுதல் நேரம் வையுங்கள். தனுஷ்கோடிச் சாலையில் மாலையானால் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருட்டுமுன் ராமநாதபுரம் வந்துவிடுங்கள். தெற்கே போகும்போது கடல் இடதுபக்க இருக்கைக்கு, வடக்கே திரும்பும்போது ஓட்டுகிறவருக்கு.