வில்லும் தாயிராவும்

கரிசல் பூமியில் கோடை என்றால் பகலில் வெயில், இரவில் பாட்டு. தை, மாசியில் உளுந்தும் பாசிப்பயறும் களத்தைவிட்டு வீடு வந்து சேர்ந்துவிடும். அடுத்த மழை விழும்வரை மானாவாரி நிலத்தில் உழவனுக்கு அதிக வேலை இராது. கையில் நாலு காசும் இருக்கும். காலாற உட்காரப் பொழுதும் இருக்கும். ஆகவேதான் திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர்கள் பங்குனி பிறந்தது முதல் வைகாசி முடிய ஒன்று மாற்றி ஒன்றாகக் கொடை விழா எடுக்கின்றன. கலைஞர்களின் பிழைப்பும் அந்த மூன்று மாதங்களையே நம்பி நிற்கிறது. உழவனுக்கு ஐப்பசி எப்படியோ, வில்லுப்பாட்டுக்காரனுக்குச் சித்திரை அப்படி.

சென்ற கோடையில் ஒரு வாரம் நாம் குடும்பத்துடன் பனவடலிசத்திரத்தில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தோம். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ள ஊர் அது. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபின் அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊர்ப்பெயரே வழிப்போக்கருக்குத் திண்ணை விரித்துப் போட்டதுபோல் சத்திரம் என்று முடிகிறது. சங்கரன்கோவிலின் பெரிய விழாவாகிய ஆடித்தபசு வருவதற்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் இருந்தது. ஆனால் சுற்றுப்புறத்து ஊர்களில் கொடைகள் தொடங்கிவிட்டன. இரவு இஷாத் தொழுகை முடிந்து மொட்டைமாடியில் பாய் விரித்தால், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையின் மேளம் காதில் விழுந்தது.

இந்த வட்டாரத்துக்குப் பாட்டு புதிதன்று. காவடிச் சிந்துக்கு ஒரு தனி இலக்கிய வடிவமே தந்த அண்ணாமலை ரெட்டியார் பிறந்த சென்னிகுளம் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து ஊர்தான். ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் ஆதரித்த அப்புலவர் இளம் வயதிலேயே மறைந்தார். அவர் அமைத்த மெட்டுகளோ இன்றும் காவடி எடுப்போரின் காலில் துள்ளுகின்றன. இதே கரிசல் காட்டின் கிழக்கே எட்டயபுரம். நம்முடைய உமறுப்புலவர் வாழ்ந்து அடங்கிய மண் அது. முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் தம் இறுதி நாள்களைக் கழித்ததும் அங்கேதான். 1882-இல் பாரதி பிறந்ததும் அங்கேதான். சீறாப்புராணம் பாடியவரும், கீர்த்தனை பாடியவரும், விடுதலை பாடியவரும் ஒரே ஊர்த் தண்ணீர் குடித்தவர்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும்.

பக்கத்து ஊர்க் கொடை ஒன்றுக்கு அவ்வூர் நண்பர் நம்மை அழைத்திருந்தார். கொடையின் ஒழுங்குமுறையே ஒரு தனிக்கலை. திங்கள் இரவு குடியழைப்பு. செவ்வாய்க்கிழமை மதியக் கொடையும் சாமக் கொடையும். அடுத்த செவ்வாயில் எட்டாம் கொடை. ஆக, ஒரு வாரம் ஊரே விழித்திருக்கும். கோவிலுக்கு எதிரே பந்தலில் வில்லுப்பாட்டுக் குழு அமர்ந்திருந்தது. ஆளைவிட நீளமான வில்; அதன் தண்டில் வரிசையாக வெண்கல மணிகள். அண்ணாவியார் இரு கையிலும் வீசுகோல் பிடித்து நாணைத் தட்டும்போது மணிகள் அத்தனையும் ஒரே குரலில் பதில் சொல்கின்றன. வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடத்தின் வாயில் ஒருவர் பட்டையால் அடிக்க, வயிற்றுக்குள்ளிருந்து எழும் அந்த ஓசை கேட்பவர் நெஞ்சைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. உடுக்கை ஒருவர், தாளம் ஒருவர், கட்டை ஒருவர். கதையை அண்ணாவியார் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுகிறார்கள். அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள், நீதி கிடைக்காத பெண்கள், வாக்குத் தவறாமல் உயிர் கொடுத்தவர்கள் ஆகியோரின் கதைகளே பெரும்பாலும் பாடப்படுகின்றன. ஏட்டில் இடம்பெறாத எளிய மனிதர்களுக்கு இந்த வில்தான் வரலாறு.

பந்தலின் மறுபக்கம் நையாண்டி மேளம். இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை. காருகுறிச்சி அருணாசலம் 1964-இல் மறைந்து அறுபது ஆண்டு கடந்தும், இந்தச் சீமையில் நாகசுரம் பிடிப்பவர் எவரும் அவர் பெயரைச் சொல்லாமல் இரார். அன்று வாசித்தவரும் நம்மிடம் முதலில் அவர் பெயரைத்தான் சொன்னார். சுடலைமாடன் கோவில் கொடைகளில் கணியான் கூத்தும் உண்டு. மகுடம் எனப்படும் பறைகள் இரண்டு, ஒன்று உச்ச ஓசைக்கும் மற்றொன்று மந்த ஓசைக்கும். பெண் வேடமிட்ட ஆடவர்கள் ஆட, அண்ணாவி கதை பாடுவார். சிறு தொகையினரான ஒரு சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் கலை இது.

இடைவேளையில் அண்ணாவியாருடன் தேநீர் அருந்தினோம். அறுபதைக் கடந்தவர். "பங்குனி பொறந்தா வைகாசி வரைக்கும்தான் பாய் எங்களுக்குச் சோறு. மத்த மாசம் கெடைச்ச வேல" என்றார். குடம் அடிக்கும் இளைஞன் தம் மகனா என்று கேட்டோம். சிரித்தார். "மவன் திருப்பூருக்குப் போயிட்டான். இவன் தங்கச்சி மாப்பிள்ளை. இவனும் போயிட்டா குடத்தைத் தண்ணிக்குத்தான் வைக்கணும்." பிறகு கொரோனாக் காலத்தைச் சொன்னார். 2020 மார்ச்சு இறுதியில் ஊரடங்கு வந்தது, அதாவது பங்குனியில். மறு ஆண்டும் கோடையிலேயே மீண்டும் ஊரடங்கு. ஆண்டு முழுவதற்கும் சம்பாதிக்க வேண்டிய மாதங்கள் இரண்டு முறையும் அடைபட்டன. "ரெண்டு வருசம் வில்லை எறவாணத்துல சொருகி வச்சோம் பாய். மணியில துரு ஏறல, மனசுல ஏறிருச்சு" என்றார். 2007-இல் அரசு அமைத்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தின் அட்டை அவர் சட்டைப் பையில் இருந்தது. அட்டை உதவுகிறது; ஆனால் பாட ஒரு மேடையை அட்டை தருவதில்லை.

மேடைதான் இன்றைய கேள்வி. முன்பு விடிய விடியப் பாடிய கதையை இப்போது இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிக்கச் சொல்கிறார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. விழா நாள்களுக்கு மாநில அரசு நள்ளிரவு வரை விலக்கு அளிக்கலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல். நோயாளியும் குழந்தையும் உறங்க வேண்டும் என்பதற்காக வந்த நல்ல விதிதான். ஆனால் அந்தச் சிறு பொழுதையும் யார் எடுத்துக்கொள்கிறார்கள்? நாம் சென்றிருந்த கொடையில் மறுநாள் இரவு திரைப்பாடல் இன்னிசைக் கச்சேரி. லாரியில் வந்திறங்கிய ஒலிப்பெட்டிகள் கோவில் சுவரைவிட உயரமாக நின்றன. வில்லுப்பாட்டுக் குழுவினர் பந்தலுக்குப் பின்னால் வில்லைத் துணியால் மூடிவிட்டு, தம் முறை வருமா என்று உட்கார்ந்திருந்தார்கள். கச்சேரி முடிந்தபோது மணி பன்னிரண்டு. அன்று அவர்கள் பாடவில்லை.

இதை வீட்டில் வந்து சொன்னபோது ஒரு விவாதம் எழுந்தது. மதரசாவில் ஓதிய நம் மருமகன், "மாமா, நாம அங்க போய் உக்காரலாமா?" என்று பணிவாகக் கேட்டான். நியாயமான கேள்வி. இசைக் கருவிகள் குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தஃபுக்கு இடம் தருவோர் பலர், மற்றவற்றை விலக்குவோரும் பலர். அதில் தீர்ப்புக் கூற நமக்குக் கல்வித் தகுதி இல்லை. ஆனால் எண்பது வயது உம்மா படுத்திருந்தபடியே, "கும்பிடப் போறது வேற, கேக்கப் போறது வேற வாப்பா. அவுக நம்ம கந்தூரிக்கு வரலியா?" என்றார்கள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

உம்மா சொன்னது உண்மை. கடையத்துக்கு அருகிலுள்ள பொட்டல்புதூர் முகியித்தீன் ஆண்டகை தர்காக் கந்தூரிக்குச் சாதி சமயம் பாராமல் மக்கள் திரள்வதை இவ்வட்டாரம் அறியும். ரபீஉல் ஆகிர் மாதத்தில் நடப்பது அது. பிறைக் கணக்கு ஆண்டுக்குப் பதினொரு நாள் முன்னே நகர்வதால், முப்பத்துமூன்று ஆண்டுகளில் ஒரு சுற்று வந்து, கந்தூரியும் கொடையும் ஒரே கோடையில் சந்திக்கும் காலமும் உண்டு. கந்தூரி இரவுகளில் தாயிரா தட்டிக்கொண்டு பக்கீர் பாவாக்கள் வருவார்கள். பச்சைத் தலைப்பாகை, தோளில் ஜோல்னா, கையில் அகன்ற வட்டப் பறை. நபிமார் வரலாறும் வலிமார் சரிதையும் கிஸ்ஸாவாகவும் முனாஜாத்தாகவும் அவர்கள் பாடியதைக் கேட்டே எழுத்தறியாத நம் பாட்டிமார் மார்க்கச் செய்திகளை அறிந்தார்கள். வில்லுப்பாட்டு அவ்வூர்ப் பெண்களுக்கு எதுவோ, தாயிரா நம் பெண்களுக்கு அதுவாக இருந்தது.

நம் சமூகத்தின் பாட்டுச் செல்வம் சிறிதன்று. உமறுப்புலவரின் சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களில் 5027 விருத்தங்கள் கொண்டது. இராகம் கூட்டிப் படித்து உரை சொல்வதற்கென்றே அமைந்த காப்பியம். குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) பாடிய கண்ணிகளையும் கீர்த்தனைகளையும் எல்லாச் சமயத்தாரும் பாடினர். நாகூர் ஹனீபா (1925–2015) ஒலிபெருக்கி பழுதானாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் படைத்தவர். கலியாண இரவுகளையும் கட்சி மேடைகளையும் ஒருசேர ஆண்டவர். ஆந்திர நாட்டுக் கரவதியில் நாகசுரக் குடும்பத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, தமிழகத்துப் பாணியை விரும்பி, நாச்சியார்கோவில் இராஜம்–துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்று, திருவரங்கத்தில் குடியேறினார். 1998-இல் சங்கீத கலாநிதியாகி, மறு ஆண்டு மறைந்தார். ஐந்து வேளையும் தொழுத அம்மனிதரை அரங்கன் வீதி தன் பிள்ளையாகவே கொண்டாடியது.

இவ்வளவும் நாம் கேட்டுக் கொண்டிருக்கையில், பேத்தி ஒருத்தி உம்மாவிடம், "நன்னி, பாவா பாடுனத நீங்க பாடுங்க" என்றாள். உம்மா தயங்கினார்கள். பிறகு தாயிராவுக்குப் பதிலாக வெற்றிலைப் பெட்டியின் மூடியை விரலால் தட்டிக்கொண்டு ஒரு முனாஜாத்தைத் தொடங்கினார்கள். மாடி முழுவதும் அடங்கிவிட்டது. நான்கு அடி வந்தது. ஐந்தாவது பாதியில் நின்றது. கண்ணை மூடி யோசித்தார்கள். "மிச்சம் போச்சு" என்றார்கள். நம்மில் எவருக்கும் அந்த மிச்சம் தெரியவில்லை. அச்சில் வந்ததாகவும் தெரியவில்லை. அந்தப் பாவாவின் தலைமுறையில் இப்போது தாயிரா பிடிப்பவர் இல்லை. பேத்தி மட்டும் அந்த நான்கு அடியை மறுநாள் காலை ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டாள்.

ஒரு கலை சாகும்போது வெடியோசை கேட்பதில்லை. முதலில் பாடுபவனுக்கு மேடை குறைகிறது. பிறகு கூலி குறைகிறது. பிறகு மகன் வேறூர் போகிறான். பிறகு ஒரு கிழவியின் நினைவில் நான்கு அடி மிஞ்சுகிறது. வில்லுக்கும் தாயிராவுக்கும் இதில் வேற்றுமை இல்லை. திருநெல்வேலிக்குப் பக்கத்துச் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் வில்லைப் பட்டணத்து மேடைகளுக்கு எடுத்துச் சென்றார், 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2022-இல் மறைந்தார். பெரியவர்களுக்குப் பட்டம் கிடைப்பது மகிழ்ச்சியே. ஆனால் கிராமத்து அண்ணாவிக்கு வேண்டியது பட்டமன்று; அடுத்த சித்திரைக்கு ஒரு வெற்றிலை பாக்குத் தட்டும், பேசிய கூலியும், எழுந்து போகாமல் கேட்கும் நாற்பது பேரும்தான்.

நம் குடும்பங்கள் செய்யக் கூடியது அதிகச் செலவுடையதன்று. வீட்டில் முதியோர் இருந்தால், அவர்களுக்கு நினைவிருக்கும் தாலாட்டையும் நலுங்குப் பாட்டையும் முனாஜாத்தையும் பிள்ளைகளைக் கொண்டு இன்றே எழுதி வையுங்கள்; கைப்பேசியில் குரலையும் பதிந்து வையுங்கள். கலியாணச் செலவில் மின்விளக்குக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைப் பைத்துப் பாடுவோருக்கும் தாயிராக்காரருக்கும் கொடுங்கள். கோடை விடுமுறையில் ஒரே ஒரு மாலை, சீறாவிலிருந்து பத்து விருத்தம், பொருள் தெரிந்த ஒருவர் படிக்க, வீட்டார் அனைவரும் உட்கார்ந்து கேளுங்கள். பக்கத்து ஊரில் வில்லுப்பாட்டு என்று அழைப்பு வந்தால், அழைத்தவரின் அன்புக்காகவேனும் போய், பாடியவரிடம் இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். கேட்பதற்குக் காது இருக்கும்வரை பாடுவதற்கு வாய் இருக்கும்.