ஆறு வளைத்த ஊரும் அதன் பெண்களும்



பழைய சேலையோ, கிழிந்த சாரமோ நம் வீடுகளில் இலேசில் குப்பைக்குப் போவதில்லை. ஒன்று குழந்தைக்குத் துண்டாகும். இல்லையேல் அடுப்படியில் பிடிதுணியாகும். அத்தகைய கந்தல்களைக் கொண்டே தம் ஊரின் பெயரை உலகறியச் செய்த பெண்களை அறிவீர்களா?

ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், 1819இல் அமைக்கப்பட்ட சிறிய நாட்டுப்புற மாவட்டம் வில்கொக்ஸ். அதனூடாக அலபாமா ஆறு வளைந்து வளைந்து ஓடுகிறது. அப்படியொரு வளைவிலே, மூன்று பக்கமும் ஆறு சூழ இருக்கும் ஊர்தான் ஜீஸ் பெண்ட். 1816இல் ஜோசப் ஜீ என்பவர் அடிமைகளைக் கொண்டுவந்து இங்கே பருத்தித் தோட்டம் அமைத்தார். 1845இல் அது கடனுக்காக மார்க் பெட்வே என்ற உறவினரின் கைக்கு மாறியது. அவருடைய அடிமைகள் சுமார் நூறு பேர் வட கரோலினாவிலிருந்து கால்நடையாகவே இங்கு வந்து சேர்ந்தனர். எசமானின் பெயரே அவர்களுக்கும் குடும்பப் பெயராயிற்று. இன்றும் அவ்வூரில் பெட்வேக்கள் ஏராளம்.

அடிமைத்தனம் ஒழிந்தது, வறுமை ஒழியவில்லை. வாரத்துக்குப் பயிர்செய்து கடனில் மூழ்கிய குடும்பங்களிடமிருந்து, 1932இல் கடன் கொடுத்த வர்த்தகரின் விதவை கால்நடை, கலப்பை, தானியம் யாவற்றையும் பறிமுதல் செய்தார். செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவால்தான் ஊர் உயிர் தப்பியது.

குளிர் புகும் பலகை வீடுகளில் பிள்ளைகளைக் காக்கப் பெண்கள் உழைப்பாடைகளை வெட்டி, ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்தனர். 1942இல் மிசூரி பெட்வே என்ற பெண்மணி, மறைந்த கணவரின் வேலை உடுப்புகளையே போர்வையாகத் தைத்து வைத்துக்கொண்டார்.

மாவட்டத் தலைநகரான கெம்டன் ஆற்றின் மறுகரையில் இருக்கிறது. நம் கிழக்கிலங்கையில் ‘பாதை’ என்போமே, அதுபோன்ற படகில் அங்கே போய்வந்தார்கள். கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்டு எழுந்த அந்நாட்களில், 1962இல், அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. கால்மணி நேரப் பயணம் 40 மைல் வீதிப் பயணமாயிற்று. மாவட்டத்தில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். ஆயினும் 1965இன் தொடக்கத்தில் அவர்களில் ஒருவர்கூட வாக்காளராகப் பதியப்பட்டிருக்கவில்லை! அவ்வாண்டு பெப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் ஜீஸ் பெண்ட் வந்து மக்களுக்குத் தைரியமூட்டினார். ஓகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. பதியத் துணிந்த சிலர் குடியிருந்த வீட்டையே இழந்தனர்.

அப்போது பெண்களின் கைத்தொழில் துணைக்கு வந்தது. 1966இல் மாவட்டத்துப் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் போர்வைகளை விற்றனர். பின்னர் காணி வாங்கித் தையல் நிலையம் கட்டினர். வீடிழந்த குடும்பங்கள் சிலவற்றுக்கு அந்தக் காணியிலேயே இடம் விற்றனர். 2002இல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஹியூஸ்டன் நகர நுண்கலை அரும்பொருளகத்தின் சுவரில் ஏறின. 2006இல் அமெரிக்கத் தபால் முத்திரைகளிலும் இடம்பெற்றன. அதே ஆண்டில், 44 வருடங்களின் பின், ஆற்றில் மீண்டும் படகு ஓடியது.

சகோதரிகளே, அப்பெண்கள் புகழுக்காகத் தைக்கவில்லை. பிள்ளைகள் குளிராமல் உறங்கவே தைத்தார்கள். எழுதப்படாத குடும்ப வரலாறு அந்தத் தையல்களில் தங்கிவிட்டது. உங்கள் அலுமாரியின் அடித்தட்டிலும் உம்மாவோ, மூத்தம்மாவோ தைத்த ஒன்று மடித்துக் கிடக்கலாம். அதை எடுத்துக் காட்டி, தைத்தவரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.