ஒரே பக்கம் இரண்டு கண்கள்... சின்னமுட்டம் போனால் `எருமை நாக்கை'த் தேடிப் பாருங்கள்!

சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை. கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் இவற்றைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். பக்கத்திலேயே இருக்கும் சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. விசைப்படகுகள் கரைசேரும் நேரத்தில் போனால், கூடைக்குள் தட்டையாக ஒரு மீன் கிடக்கலாம். பெயர், `எருமை நாக்கு'.

ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் வெள்ளை. கண்கள் இரண்டும் பழுப்புப் பக்கத்தில்! பிறவியிலேயே அப்படியல்ல. குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒரு கண்ணோடு, மற்ற மீன்களைப் போல நிமிர்ந்துதான் நீந்தும். வளர வளர ஒரு கண் மெல்ல நகர்ந்து, தலையைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். பிறகு கடலடியில் படுக்கை.

`பாதி நகர்ந்த கண்ணால் என்ன பயன்?' என்று 1871-ல் டார்வினை மடக்கினார் மிவார்ட் என்ற விலங்கியலாளர். டார்வின் அடுத்த ஆண்டே பதில் எழுதினார். ஆனாலும், பாதி நகர்ந்த கண்ணுடைய தொல்லுயிர் மீன்களை அடையாளம் கண்டு ஆய்வு வெளியானது 2008-ல்தான். அவற்றின் வயது சுமார் 5 கோடி ஆண்டுகள். நம் எருமை நாக்குக்கு இன்றும் மேல் கண் உச்சந்தலை விளிம்போடு நின்றுவிடுகிறது. தட்டை மீன்களில் மிகப் பழைய வம்சம் இது.

இன்னொரு பெருமையும் உண்டு. இதன் அறிவியல் பெயர் `செட்டோடஸ் எருமெய்'. தரங்கம்பாடியில் கேட்ட தமிழ்ப் பெயரையே, 1801-ல் வெளியான ஜெர்மானியர்களின் மீன் நூலில் வைத்துவிட்டார்கள்!

மணலும் சேறும் கலந்த, சுமார் 100 மீட்டர் வரை ஆழமுள்ள கடலடிதான் இதன் வீடு. பகலில் மண்ணுக்குள் பாதி புதைந்து, கண்ணை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும். இரவில் வேட்டை. கன்னியாகுமரிக்குத் தெற்கே விரிந்திருக்கும் வாட்ஜ் பேங்க், மீன் வளத்துக்குப் பெயர்போன கடலடி மேடு. 1976 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு உறுதியான பகுதி அது.

அசையாமல் கிடந்தால் பெரிய மீன்களிடமிருந்து தப்பிக்கலாம். தரையை வாரிக்கொண்டு வரும் இழுவலையிடம் அது பலிக்காது. ஓடாத மீன் நேராக மடிக்குள் போய்விடும். கடலடிக்கு ஓய்வு கிடைப்பது தடைக்காலத்தில் மட்டும்தான். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், இரண்டு தடைக்காலம்!

மற்ற நாள்களில் போகிறவர்கள் மீனைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலான தட்டை மீன் இனங்களில் கண்கள் எந்தப் பக்கம் என்பது ஏறக்குறைய நிச்சயம். இதிலோ இடமும் உண்டு, வலமும் உண்டு.