அலாஸ்கா வானில் ஒரு விருந்தாளி விமானி

அலாஸ்கா என்றதும் பனிக்கரடியும் பனிமலையுமே நம் நினைவுக்கு வரும். ஒரு கோடைக்காலத்தில் ஆங்கரேஜ் நகரில் இரண்டு வாரம் தங்கிய எனக்கோ, முதலில் கண்ணில் பட்டவை விமானங்களே. நம் தெருக்களில் வாசலுக்கு வாசல் மிதிவண்டி நிற்பது போல, அங்கே ஏரிக்கரைகளில் மிதவை பூட்டிய சிறு விமானங்கள் வரிசையாக நிற்கின்றன. அந்நகரின் லேக் ஹூட் என்னும் நீர்விமானத் துறை உலகிலேயே மிகுந்த சந்தடியுள்ளது எனப் பெயர் பெற்றது. காரணம் எளிது: அம்மாநிலத்தின் பெரும்பாலான ஊர்களுக்குச் சாலை கிடையாது. ஃபேர்பாங்க்ஸ் மறைமாவட்டத்தின் பங்குகளில் மிகச் சிலவற்றுக்கே காரில் செல்ல முடியும். மற்றவற்றுக்குக் குருவானவர் திருப்பலி நிறைவேற்றப் போவதும், மளிகைச் சாமான்கள் போய்ச் சேருவதும், நோயாளி மருத்துவமனைக்கு வருவதும் பெரும்பாலும் வான்வழியாகத்தான். நம் பங்குகளில் கிளைக்கிராமங்களுக்குச் சேற்றிலும் மணலிலும் மோட்டார் சைக்கிள் தள்ளும் குருக்கள் இதைப் படித்துச் சற்றே ஆறுதல் கொள்ளலாம்.

நான் தங்கியிருந்த பங்கு இல்லத்தில் ஹாலந்து நாட்டுப் பொறியாளர் ஒருவரும் விருந்தினராக இருந்தார். விமானம் ஓட்டுவது அவருக்குப் பிழைப்பு அன்று, பொழுதுபோக்கு. விடுமுறையில் அயல்நாட்டுக்கு வந்து வாடகைக்குச் சிறு விமானம் எடுத்துப் பறக்கும் வழக்கம் மேனாடுகளில் உண்டு என்பதை அவர் வழியாகவே அறிந்தேன். மலையே இல்லாத, ஏறத்தாழக் கால்பகுதி கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த நாட்டில் பறக்கக் கற்றவர், மலைகளின் நாட்டில் பறக்க வந்திருந்தார்!

ஒரு நாட்டின் உரிமத்தை வைத்துக்கொண்டு மற்றொரு நாட்டின் விமானத்தை ஓட்டிவிட முடியுமா? முடியாது. 1944-இல் சிக்காகோவில் நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, விமானம் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டு அரசே அதன் விமானிக்கு உரிமம் தரவேண்டும். அல்லது பிறநாட்டு உரிமத்தை ஏற்று இசைவு தரவேண்டும். எனவே, அவர் ஊரிலிருந்து புறப்படுவதற்குப் பல வாரங்கள் முன்பே அமெரிக்க விமானத் துறைக்கு விண்ணப்பித்திருந்தார். அவருடைய உரிமம் மெய்யானதுதானா என்று அவர்கள் ஹாலந்து அரசைக் கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். பிறகு அவர் நேரில் சென்று சான்றிதழ் பெற்றார். அதில் அவருடைய சொந்த நாட்டு உரிமத்தின் எண் குறிக்கப்பட்டுள்ளது. அந்த மூல உரிமம் செல்லாததானால் இதுவும் செல்லாததாகிவிடும். கூலி வாங்கிக்கொண்டு ஆளையோ சரக்கையோ ஏற்றும் உரிமை அதற்கு இல்லை.

தாள்கள் சரியாக இருந்தால் போதாது. விமானத்தை வாடகைக்கு விடுபவர் தம் ஆசிரியரை உடன் அனுப்பி, வந்தவரின் கைத்திறனைச் சோதித்த பிறகே சாவியைத் தருகிறார். எங்கள் நண்பருடன் பறந்த முதிய ஆசிரியர் அவரை ஏறவும் இறங்கவும் செய்து பார்த்ததைவிட, பள்ளத்தாக்கில் திரும்பச் செய்ததே அதிகமாம். "ஒரு பக்கமாகவே பற, நடுவில் பறக்காதே. திரும்ப இடம் இருக்கும்போதே திரும்பு" என்பதுதான் அவர் உபதேசம். திசைகாட்டியும் புதுப்பாடம் ஆயிற்று. ஆங்கரேஜில் காந்தமுள் உண்மையான வடக்கிலிருந்து ஏறத்தாழ 15 பாகை கிழக்கே விலகி நிற்கிறது. நம் தென்னிந்தியாவில் இவ்விலகல் மிகச் சொற்பம்.

பின்னிருக்கையில் வைக்கப்பட்ட மூட்டையைப் பார்த்தேன்: உணவு, முதலுதவிப் பெட்டி, தீமூட்டி, சைகைப் புகைக்குழல், கோடரி, தூண்டில், கொசுவலை. வழியில் இறங்க நேர்ந்தால் உயிர் தரித்திருக்க வேண்டிய பொருள்களை ஏற்றிச் செல்வது அலாஸ்காவில் சட்டம். உள்ளூரார், வெளியூரார் என்ற வேறுபாடு அதற்கில்லை. அடுத்து, என் எடையைக் கேட்டார். நான் சொன்ன எண்ணைக் கணக்கில் சேர்த்தவர், மூன்றாம் பயணிக்கு இடமில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

புறப்பட்டது மெரில் ஃபீல்டு என்னும் விமானத் திடல். 1929-இல் பறந்து சென்று திரும்பாமலே போன ரசல் மெரில் என்ற விமானியின் பெயர் அதற்கு. மேற்கே மலைத்தொடரில் அவர் பெயரால் ஒரு கணவாயும் இருக்கிறது; அதன் சரிவுகளில் நொறுங்கிய விமானங்கள் இன்றும் கிடக்கின்றனவாம். அந்த நாட்டில் பெயர்கள் இப்படித்தான் வருகின்றன. 1930 அக்டோபர் 12-ஆம் நாள் காட்ஸிபியூ என்னும் வடகோடி ஊரில், மறைபரப்புப் பணிக்கென வாங்கிய ‘மார்க்வெட் மிஷனரி’ என்ற விமானம் விழுந்தது. இயேசு சபைக் குரு பிலிப் டெலோன், குரு வில்லியம் வால்ஷ், விமானி ரால்ஃப் வீன் ஆகிய மூவரும் மாண்டனர். அவ்வூர் விமான நிலையம் இன்று ரால்ஃப் வீன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாங்கள் செல்ல எண்ணியது லேக் கிளார்க் கணவாய் வழியே, அப்பாலுள்ள ஏரிக்கு. முதலில் குக் விரிகுடாவைக் கடக்கவேண்டும். எங்கள் செஸ்னா விமானத்துக்கு ஒரே எஞ்சின். அது நின்றால், ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கடல்மைல் தூரமே மிதந்து செல்ல முடியும். கீழே இருப்பதோ கோடையிலும் உறையவைக்கும் நீர். ஆகவே கரையை எட்டுமளவுக்கு உயரம் பிடித்த பிறகே அவர் நீர்மேல் சென்றார். வடக்கே வெகுதொலைவில் டெனாலி சிகரம் தெரிந்தது: 20,310 அடி. எங்கள் வண்டியால் அதன் தோளைக்கூடத் தொட முடியாது.

கணவாயின் வாய்க்குள் நுழைந்தோம். இருமருங்கும் சுவர்போல் மலைகள். அவற்றிலிருந்து தொங்கும் பனியாறுகள். கீழே சாம்பல் நிற ஆறு. அவர் வலப்புறச் சரிவை ஒட்டியே சென்றார். புறப்படுமுன் வானிலை நிழற்படக் கருவிகளைப் பார்த்திருந்தோம். இத்தகைய கருவிகளை அலாஸ்காவில் 200-க்கும் மேற்பட்ட இடங்களில் அரசு நிறுவியுள்ளது. அப்போது வழி திறந்திருந்தது. இப்போதோ, முன்னே மேகம் மெல்லத் தாழ்ந்து வந்து, பள்ளத்தாக்கின் வளைவில் திரைபோல் தொங்கியது. அதன் அடியில் ஓரிடத்தில் வெளிச்சம் தெரிந்தது. "அதோ, அப்பால் வெயில் இருக்கிறது" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

அன்று அவருடைய விடுமுறையின் கடைசி நாள். இரண்டாண்டுச் சேமிப்பு, பல வாரக் கடிதப் போக்குவரத்து, சோதனைப் பறப்பு எல்லாம் இந்த ஒரு கணவாய்க்காகத்தான். உள்ளூர் விமானி நாளை வரலாம், அடுத்த வாரம் வரலாம். விருந்தாளிக்கு நாளை இல்லை. அயலூரில் பறப்பவனுக்கு மலையைவிட, மேகத்தைவிடக் கொடிய இடர் இதுதான் என்று எனக்குப் பட்டது. அவர் கைகள் சில வினாடிகள் அசையாமல் இருந்தன. பிறகு விமானம் இடப்புறம் சாய்ந்தது. மலைச்சுவர் கண்ணாடி முழுவதையும் நிறைத்துக் கடந்து போயிற்று. வந்த வழி எதிரே விரிந்தது.

திரும்பும் வழியில் இருவரும் பேசவில்லை. மெரில் ஃபீல்டில் இறங்கியதும் அவர் முதலில் தொலைபேசியில் பயணத் திட்டத்தை முடித்துவைத்தார். குறித்த நேரத்துக்குப் பின் அரைமணிக்குள் அவ்வாறு சொல்லாவிட்டால் தேடத் தொடங்கிவிடுவார்கள். பிறகு விமானத்தின் சிறகுகளைக் கயிற்றால் தரையோடு கட்டினார். முடிச்சை இரண்டுமுறை இழுத்துப் பார்த்தார்.

மறுநாள் காலை அவர் பெரிய விமானத்தில் ஊர் திரும்பினார். அவரை வழியனுப்பிவிட்டு வந்து, பங்கு இல்லத்தில் கணவாயின் நிழற்படத்தைப் பார்த்தேன். ஒரு மேகத்துணுக்கும் இல்லை.